ஒரு சொல், இரண்டு எல்லைகள்: அயர்லாந்தின் பழைய பாரிஷ்களில் முன்னோரைத் தேடுதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையில் சேர வந்த இளைஞனிடம் கேட்கப்பட்ட தொடக்கக் கேள்விகளுள் ஒன்று, அவன் எந்தப் பாரிஷில் (ஒரு தேவாலயத்தை ஒட்டி அமைந்த சிறு நிலப்பிரிவு), எந்த ஊரில் அல்லது எந்த ஊருக்கு அருகில், எந்தக் கவுன்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தான் என்பது. அவன் வாயால் சொன்ன விடையை எழுத்தர் தமக்குக் கேட்டபடி அச்சுத் தாளில் எழுதிக்கொண்டார். அந்தப் படையில் அயர்லாந்துக்காரர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த ஐரோப்பியப் படைப்பிரிவே 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் முதல் பட்டாளமாக ஆனது. எனவே இத்தகைய தாளின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கொள்ளுப்பாட்டனின் ஊரைத் தேடும் குடும்பங்கள் நம்மிடையிலும் இருக்கின்றன.

அப்படி ஒரு தாளில், "பாலிஃபெரிட்டர் பாரிஷ், டிங்கிள் ஊருக்கு அருகில், கெர்ரி கவுன்டி" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தேடுபவர் கெர்ரி கவுன்டியின் பழைய நிலவரி ஏடுகளைத் திறந்து பாரிஷ்களின் பட்டியலைப் பார்க்கிறார். பாலிஃபெரிட்டர் என்று ஒரு பாரிஷே அதில் இல்லை. அதே குடும்பத்தின் இன்னொரு கிளையிடம் உள்ள நிலக் குத்தகைத் தாளில் "டனர்லின் பாரிஷ்" என்று இருக்கிறது. அவர்கள் திருமுழுக்குப் பதிவேடுகளின் பட்டியலைப் பார்க்கிறார்கள். டனர்லின் என்ற பெயரில் ஒரு கத்தோலிக்கப் பங்கு இல்லை. எழுத்தர் தவறாகக் கேட்டிருப்பார், அல்லது சிப்பாய் பொய் சொல்லியிருப்பான் என்று முடிவு கட்டிவிட்டு இரு கிளையினரும் தேடலைக் கைவிடக்கூடும். உண்மையில் இரண்டு தாள்களுமே சரியானவை. ஒரே வீடு, ஒரே நாளில், இரண்டு வெவ்வேறு பாரிஷ்களுக்குள் இருந்தது. இது எப்படி நேர்ந்தது என்பது விளங்கிவிட்டால் அயர்லாந்துக் குடும்ப வரலாற்றில் பாதி வழி திறந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பாரிஷ் என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களோ தங்கள் குருவானவரின் பொறுப்பில் உள்ள பகுதியைப் பங்கு என்றும், அவரைப் பங்குத்தந்தை என்றும் அழைத்துப் பழகியவர்கள். ஆகவே இக்கட்டுரையில் கத்தோலிக்கத் திருச்சபையின் பிரிவைப் பங்கு என்றும், அரசாங்கம் நிலத்தையும் வரியையும் கணக்கிடப் பயன்படுத்திய பழைய பிரிவைக் குடிமைப் பாரிஷ் என்றும் எழுதுகிறேன். ஓர் ஆவணத்தில் பாரிஷ் என்ற சொல்லைக் கண்டதும், இது பங்கா, குடிமைப் பாரிஷா என்று கேட்டுக்கொள்வதுதான் முதல் வேலை.

இரண்டுக்கும் மூலம் ஒன்றே. பன்னிரண்டாம் நூற்றாண்டில், 1111இல் ராத் பிரசைலிலும் 1152இல் கெல்ஸிலும் கூடிய திருச்சபைப் பேரவைகள் அயர்லாந்தை மறைமாவட்டங்களாக, அதாவது ஆயர் ஒருவரின் பொறுப்பில் உள்ள பகுதிகளாகப் பிரித்தன. 1169இல் ஆங்கிலோ-நார்மன் படையெடுப்பு தொடங்கிய பிறகு, அந்த மறைமாவட்டங்களுக்குள் பாரிஷ்கள் படிப்படியாக உருப்பெற்றன. பாரிஷ் என்பதை அன்று ஒரு தேவாலயத்தைச் சுற்றி வாழும் மக்கள் கூட்டம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அது ஒரு வருவாய் எல்லையும்கூட. எந்த நிலத்தின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு எந்தத் தேவாலயத்துக்குச் சேர வேண்டும் என்பதை அந்த எல்லை முடிவு செய்தது. அதனால்தான் இந்தக் கோடுகள் ஓடைகளையும் மலை முகடுகளையும் பழைய நிலவுடைமைகளின் வரப்புகளையும் ஒட்டிச் செல்கின்றன. ஒரு பிரபுவுக்குத் தொலைவில் ஒரு துண்டு நிலம் இருந்து, அதன் தசமபாகம் தன் ஊர்த் தேவாலயத்துக்கே போனால், அந்தத் துண்டும் அதே பாரிஷைச் சேர்ந்ததாக எண்ணப்பட்டது. வரைபடத்தில் ஒரு பாரிஷின் நடுவே தீவுபோல் வேறொரு பாரிஷின் துண்டு கிடப்பதைப் பார்த்தால், அதை வரைந்தவரின் பிழை என்று கருத வேண்டாம்.

பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னர் ரோமை விட்டு விலகியபோது, இந்தத் தேவாலயங்களும் அவற்றின் தசமபாக உரிமையும் எல்லைகளும் அரசு ஆதரித்த புராட்டஸ்டண்ட் சபையான அயர்லாந்து திருச்சபையிடம் போய்ச் சேர்ந்தன. பெரும்பாலான மக்கள் கத்தோலிக்கர்களாகவே இருந்துவிட்டார்கள்; ஆனால் பாரிஷ் என்ற அமைப்பு அவர்களிடம் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் போருக்குப் பிறகு நிலங்களைப் பறிமுதல் செய்து பங்கிட வேண்டியிருந்த அரசு, 1654 முதல் 1656 வரை நடத்திய நில விசாரணையிலும், அதைத் தொடர்ந்து வில்லியம் பெட்டி நடத்திய அளவைப் பணியிலும் இந்தப் பழைய பாரிஷ்களையே அலகாக எடுத்துக்கொண்டது. அன்று முதல் அவை நில நிருவாகத்தின் எல்லைகளாகவும் ஆயின. ஒரு காலத்தில் ஆலயத்துக்கான கோடாக இருந்தது கணக்கருக்கான கோடாக மாறியதே குடிமைப் பாரிஷின் வரலாறு. அயர்லாந்து திருச்சபையும் பெரும்பாலும் இதே எல்லைகளை வைத்துக்கொண்டு, மக்கள் குறைவாக இருந்த இடங்களில் இரண்டு மூன்று பாரிஷ்களை ஒரே குருவின் கீழ் இணைத்தது. 1871 ஜனவரி 1 அன்று அது அரசுத் திருச்சபை என்ற நிலையை இழந்தது. ஏற்கெனவே வரைந்திருந்த குடிமைக் கோடுகள் அதனால் நகரவில்லை.

கத்தோலிக்கர்களின் கதை வேறு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கத்தோலிக்கர்களை ஒடுக்க இயற்றப்பட்ட தண்டனைச் சட்டங்களின் கீழ் ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 1704இல் நாட்டில் தங்க அனுமதி பெற்ற குருக்கள், தாங்கள் எந்தப் பாரிஷின் குரு என்று அரசிடம் பெயர் பதிய வேண்டியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். திருப்பலி குடிசைகளிலும் வெட்டவெளியிலும் நடந்தது. குருக்கள் போதாத நிலையில் ஒருவரே மூன்று நான்கு பழைய பாரிஷ்களைக் கவனித்தார். அந்தத் தேவையே காலப்போக்கில் வழக்கமாக உறைந்தது. சட்டங்கள் தளர்ந்த பிறகு, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 1829இல் கத்தோலிக்கர் உரிமைச் சட்டம் வந்த பின்னரும் புதிய சிற்றாலயங்கள் எழுந்தன. பாழடைந்து கிடந்த பழைய தேவாலயத்தின் அருகே கட்டுவதற்குப் பெரும்பாலும் உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. மக்கள் எங்கே கூடினார்களோ, சாலைகள் எங்கே சந்தித்தனவோ, நிலப்பிரபு எங்கே ஒரு துண்டு நிலம் கொடுத்தாரோ அங்கே அவற்றைக் கட்டினார்கள். பங்குக்கும் அந்தப் புதிய ஊரின் பெயரே நிலைத்தது. குடிமைப் பாரிஷ்கள் ஏறத்தாழ 2,500 இருக்க, கத்தோலிக்கப் பங்குகள் அதைவிட மிகக் குறைவாக இருப்பது இதனால்தான்.

நம் சிப்பாயின் ஊருக்கு வருவோம். கெர்ரி கவுன்டியில் அட்லான்டிக் கடலுக்குள் நீளும் டிங்கிள் தீபகற்பத்தின் மேற்கு நுனியில் டன்குவின், டனர்லின், மார்ஹின், கில்மால்கெடர், கில்குவேன் என்று ஐந்து குடிமைப் பாரிஷ்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் இடைக்காலத்து ஆலயம் ஒன்றைச் சுற்றி அமைந்தது. கில்மால்கெடரில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல் ஆலயம் கூரையின்றி இன்றும் நிற்கிறது. அந்தப் பெயரின் முதல் அசையான "கில்", ஆலயத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லான "கிள்" என்பதிலிருந்து வந்தது. காட்டைக் குறிக்கும் வேறோர் ஐரிஷ் சொல்லும் ஆங்கில எழுத்தில் "கில்" என்றே ஆகிவிடுவதால், பெயரை மட்டும் வைத்து எல்லா இடத்திலும் ஆலயம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. இந்த ஐந்து குடிமைப் பாரிஷ்களும் சேர்ந்ததுதான் ஒரே கத்தோலிக்கப் பங்கான பாலிஃபெரிட்டர். பாலிஃபெரிட்டர் என்ற சிற்றூர் டனர்லின் குடிமைப் பாரிஷுக்குள் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் அது ஃபெரிட்டர் குடும்பத்தாரின் ஊர் என்று பொருள்படும்.

படையில் சேரப் போன இளைஞனுக்குத் தெரிந்திருந்தது தனக்குத் திருமுழுக்குக் கொடுத்த குருவின் பங்கு. நிலக் குத்தகையை எழுதிய கணக்கருக்குத் தெரிந்திருந்தது வரி ஏட்டில் உள்ள பாரிஷ். அவரவர் உலகத்தில் அவரவர் சொன்னது சரி. எதிரே கடலில் இருக்கும் பெரிய பிளாஸ்கெட் தீவையும் இதே முறையில் பார்க்கலாம். அந்தத் தீவு டன்குவின் குடிமைப் பாரிஷில் அடங்கியது. தீவில் ஆலயம் இல்லை. 1953இல் கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்படும் வரை அங்கே வாழ்ந்தவர்களின் திருமுழுக்கையும் திருமணத்தையும் தேடுபவர் பாலிஃபெரிட்டர் பங்கின் ஏடுகளைத்தான் திறக்க வேண்டும்; பிளாஸ்கெட் என்றோ டன்குவின் என்றோ தலைப்பிட்ட ஏட்டைத் தேடிக்கொண்டிருந்தால் நாள்கள்தான் கழியும்.

இந்த இரண்டு எல்லைகளையும் பொருத்திப் பார்க்க உதவும் அலகு ஒன்று உண்டு. அதன் பெயர் டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரமன்று. வயலும் மேய்ச்சல் நிலமும் சில வீடுகளும் கொண்ட, பெயரிடப்பட்ட மிகச் சிறிய நிலப்பிரிவு. அயர்லாந்தில் 60,000க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உள்ளன. சில ஏக்கரில் அடங்குபவையும் உண்டு, பல ஆயிரம் ஏக்கர் மலைச்சரிவாக விரிபவையும் உண்டு. பல டவுன்லேண்டுகள் சேர்ந்தால் ஒரு குடிமைப் பாரிஷ். பங்கும் டவுன்லேண்டுகளால் ஆனதே. ஆனால் அவற்றை வேறு விதமாகத் தொகுத்துக்கொள்கிறது. சில இடங்களில் ஒரே குடிமைப் பாரிஷின் டவுன்லேண்டுகள் இரண்டு மூன்று பங்குகளுக்குள் பிரிந்து கிடக்கும். அப்போது குடிமைப் பாரிஷின் பெயர் தெரிந்தாலும் பங்கு எதுவென்று முடிவு செய்ய இயலாது. டவுன்லேண்டின் பெயர் தெரிந்தால் முடியும். பாட்டி சொன்ன கதையில், பழைய கடித உறையில், கல்லறைக் கல்லில், அமெரிக்காவில் வந்த இரங்கல் செய்தியில் டவுன்லேண்டின் பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் அதை விட்டுவிடக் கூடாது.

அந்தப் பெயரின் எழுத்துக்கூட்டு வேறுபடும் என்பதை மட்டும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஐரிஷ் மொழியில் மக்கள் சொன்ன பெயர்களை ஆங்கிலம் மட்டும் தெரிந்த எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். 1824இல் தாமஸ் கோல்பி தலைமையில் தொடங்கிய அரசு நில அளவைத் துறை, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதையும் வரைந்து 1846இல் முதல் பதிப்பை முடித்தது. அளவையாளர்களுக்கு முன்னே சென்று, ஊர்ப் பெரியவர்களின் துணையோடு எல்லைகளை அடையாளம் காட்டும் பொறுப்பு ரிச்சர்ட் கிரிஃபித்துக்குத் தரப்பட்டது. பெயர்களை ஆராய்ந்து அவற்றுக்கு ஒரே எழுத்துக்கூட்டை நிலைநிறுத்தும் வேலையை 1830 முதல் ஜான் ஓ'டோனவன் ஏற்றார். இன்று அட்டவணைகளில் நாம் காணும் டவுன்லேண்டுப் பெயர்கள் பெரும்பாலும் அந்தப் பணியில் நிலைபெற்றவை. அதற்கு முந்திய ஏடுகளில் அதே இடம் வேறு எழுத்தில் இருக்கும். அட்டவணையில் சேராமல் மக்கள் வாயில் மட்டும் வழங்கிய சிறு பெயர்களும் உண்டு; அவை பெரும்பாலும் ஒரு டவுன்லேண்டின் ஒரு மூலையைக் குறிப்பவை.

டவுன்லேண்டுக்கும் குடிமைப் பாரிஷுக்கும் மேலே இருக்கும் அடுக்குகளை விரைவாகச் சொல்லிவிடலாம். பல பாரிஷ்களைக் கொண்டது பாரோனி; நம் ஐந்து பாரிஷ்களும் கார்க்ககினி என்ற பாரோனியில் உள்ளன. முந்நூறுக்கு மேற்பட்ட பாரோனிகள் சேர்ந்தவை 32 கவுன்டிகள். இந்த ஏணிக்குப் பக்கவாட்டில், 1838இல் வந்த ஏழையர் சட்டத்தின்படி ஒன்றியங்கள் உருவாயின. சந்தை ஊர் ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றியுள்ள பகுதியை ஒரே ஏழையர் இல்லத்தோடு சேர்த்ததால் அவை கவுன்டி எல்லைகளைப் பொருட்படுத்தவில்லை. முதலில் 130 ஒன்றியங்கள். 1840களின் பெரும்பஞ்சத்துக்குப் பிறகு அவை 163 ஆயின. 1864 ஜனவரி 1 முதல் எல்லாப் பிறப்பு, இறப்பு, திருமணங்களையும் அரசு பதியத் தொடங்கியபோது இந்த ஒன்றியங்களே பதிவு மாவட்டங்களாயின. ஆகவே, அரசுப் பிறப்புப் பதிவில் "டிங்கிள் ஒன்றியம்" என்றிருந்தால் குழந்தை டிங்கிள் ஊரில் பிறந்தது என்று பொருளில்லை. அந்த ஒன்றியத்தின் ஏதோ ஒரு மூலையில் பிறந்தது என்பதே பொருள். இந்த ஒரு பிழையால் தவறான ஊரில் பல ஆண்டுகள் தேடியவர்கள் உண்டு.

எந்த ஆவணம் எந்த எல்லையைப் பின்பற்றுகிறது என்பதுதான் அடுத்துத் தெரிய வேண்டியது. 1823 முதல் 1837 வரை தொகுக்கப்பட்ட தசமபாக ஏடுகள் குடிமைப் பாரிஷ் வாரியாக உள்ளன. அயர்லாந்து திருச்சபைக்கு விவசாய நிலத்துக்காகச் செலுத்த வேண்டிய தொகையைக் கணக்கிட அவை எழுதப்பட்டவை. கத்தோலிக்கக் குடியானவரும் அதைச் செலுத்தியாக வேண்டியிருந்ததால் அவர்கள் பெயர்களும் இருக்கின்றன. நிலமற்ற கூலிகளும் நகரத்தாரும் இவற்றில் பெரும்பாலும் இல்லை. இவற்றில் நிலம் பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கரில் குறிக்கப்பட்டுள்ளது. ஓர் ஐரிஷ் ஏக்கர் சட்டபூர்வ ஏக்கரைப் போல ஏறத்தாழ 1.62 மடங்கு பெரியது. அதனால் 1830இல் 10 ஏக்கர் வைத்திருந்தவர் இருபது ஆண்டுக்குப் பின் வந்த இன்னோர் ஆவணத்தில் 16 ஏக்கர் வைத்திருப்பதாகத் தெரிந்தால் அவர் வளம் பெற்றார் என்று மகிழ்வதற்கு முன், அளவுகோல் மாறியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டாவது ஆவணம்தான் 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் மதிப்பீடு. உள்ளூர் வரி விதிப்பதற்காக, நாட்டின் ஒவ்வொரு வீட்டையும் நிலத்துண்டையும் அனுபவித்து வந்தவரின் பெயரோடு அச்சிட்ட பெரும் தொகுப்பு இது. அதன் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே பாரிஷின் பெயர். அது குடிமைப் பாரிஷ். இடப்பக்க ஓரத்தில் எண்களும் சிறு எழுத்துகளும் இருக்கும். எண் என்பது வரைபடத்தில் அந்த நிலத்துண்டின் எண், சிறு எழுத்து என்பது அதன்மேல் உள்ள வீடு. அடுத்து டவுன்லேண்டின் பெயரும் அனுபவிப்போரின் பெயர்களும். அதற்கடுத்து, நிலத்தை நேரடியாக அவருக்கு விட்டவரின் பெயர். பின்பு "வீடு, ஆஃபீசஸ், நிலம்" என்று ஒரு விவரணை. அந்த ஆஃபீசஸ் என்ற சொல் அலுவலகங்களைக் குறிப்பதன்று. மாட்டுக் கொட்டகை, குதிரை லாயம், களஞ்சியம் போன்ற புறக்கட்டடங்களைக் குறிப்பது. இறுதியில் பரப்பும் மதிப்பும். மேற்குக் கடலோரங்களில் ஒரே எண்ணின் கீழ் ஐந்தாறு பெயர்கள் ஓர் அடைப்புக்குறியால் இணைந்திருக்கும். அவர்கள் நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து வரிசைத் துண்டுகளாகப் பகிர்ந்து உழுதவர்கள். அப்படி இணைந்தவர்கள் பலமுறை உறவினர்களாகவே இருப்பதால், அந்த ஒரு கோடே ஒரு குடும்ப மரத்தின் தொடக்கமாக அமையலாம். இந்த மதிப்பீட்டில் கத்தோலிக்கப் பங்கின் பெயர் எங்கும் இராது.

மாறாக, திருமுழுக்கும் திருமணமும் கத்தோலிக்கப் பங்கின் ஏடுகளில் இருக்கின்றன. இவை அரசிடம் ஒப்படைக்கப்படாமல் பங்குகளிலேயே இருந்தன. அதனால்தான் 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தபோது அவை தப்பின. பாதிக்கும் மேற்பட்ட அயர்லாந்து திருச்சபைப் பாரிஷ்களின் ஏடுகளும், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதியும் அன்று சாம்பலாயின. 1861, 1871, 1881, 1891 ஆண்டுகளின் தாள்களை அரசே வெவ்வேறு காலங்களில் அழித்துவிட்டது. நாடு முழுமைக்கும் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901ஆம் ஆண்டினது. இந்த இழப்பை எண்ணும்போது, பங்கு ஏடுகளின் அருமையை மிகைப்படுத்திச் சொல்லிவிட முடியாது. தேசிய நூலகம் அவற்றை நுண்படச் சுருள்களாக எடுத்துவைத்து, 2015 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பக்கங்களை யாரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கும்படி செய்தது. பெரும்பாலானவை 1880 வரை செல்கின்றன.

அவற்றில் ஒரு வரி இப்படி இருக்கும்: நாள், "யோவான்னஸ்" என்று குழந்தையின் பெயர், தந்தை பெயரும் தாயின் பிறந்தகக் குடும்பப் பெயரும், ஒரு டவுன்லேண்டின் பெயர், "ஸ்பான்" அல்லது "எஸ்பி" என்ற சுருக்கத்துக்குப் பின் இரண்டு ஞானப்பெற்றோரின் பெயர்கள். பல குருக்கள் லத்தீனில் எழுதியதால் ஜான் யோவான்னஸ் ஆகிறான், ஜேம்ஸ் யாக்கோபுஸ் ஆகிறான், வில்லியம் குலியெல்முஸ் ஆகிறான். வீட்டில் அவர்களை யாரும் அப்படி அழைத்ததில்லை. தாயின் பிறந்தகப் பெயரையும் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் மூன்று பேர் ஒரே பங்கில் இருக்கும் இடத்தில் அவர்களைப் பிரித்துக் காட்டுபவை அந்த இரண்டுதான்.

நம் சிப்பாய்க்கு இப்போது வழி பிறக்கிறது. தாளில் இருக்கும் பாலிஃபெரிட்டர் என்பது பங்கு என்று தெரிந்தபின், அந்தப் பங்கின் திருமுழுக்கு ஏட்டில் அவன் பிறந்ததாகக் கணக்கிடும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் தேட வேண்டும். படையில் சேர்ந்தவர்கள் வயதைச் சரியாகச் சொன்னதாகக் கொள்ளலாகாது. அங்கே ஒரு டவுன்லேண்டின் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை டவுன்லேண்டு அட்டவணையில் பார்த்தால் அது டனர்லினிலோ மார்ஹினிலோ இருப்பது தெரியும். அதன்பின் அந்தக் குடிமைப் பாரிஷின் தசமபாக ஏட்டில் தந்தையையும், கிரிஃபித் மதிப்பீட்டில் தந்தையையோ அண்ணனையோ தேடலாம். தொடக்கம் தலைகீழாக இருந்து, கையில் இருப்பது குடிமைப் பாரிஷின் பெயர் மட்டும் என்றால், 1837இல் சாமுவேல் லூயிஸ் வெளியிட்ட இடவிவர அகராதி உதவும். ஒவ்வொரு குடிமைப் பாரிஷைப் பற்றியும் எழுதும்போது, கத்தோலிக்கப் பிரிவில் அது எந்தப் பங்கோடு சேர்ந்தது என்பதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்கிறார். அது சிப்பாய் வாழ்ந்த காலத்து ஏற்பாடு என்பதால், இன்றைய பங்கு வரைபடத்தைவிட அதை நம்பலாம்.

இன்றைய வரைபடத்தில் ஏமாற நேரும் காரணம் ஒன்று உண்டு. குடிமைப் பாரிஷ்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உறைந்துவிட்டன, பங்குகளோ உயிருள்ளவை. மக்கள் பெருகிய இடத்தில் ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்தது, குறைந்த இடத்தில் இரண்டு ஒன்றாகின. பிரிந்துபோன புதிய பங்கின் ஏடு 1850இல் தொடங்குகிறது என்றால், 1830இல் பிறந்தவரைத் தாய்ப் பங்கின் ஏட்டில் தேட வேண்டும். கவுன்டி எல்லைகளும் முற்றிலும் அசையாதவையல்ல: பாலஹடெரீன் என்ற ஊர் 1898ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் விளைவாக மேயோ கவுன்டியிலிருந்து ராஸ்காமன் கவுன்டிக்கு மாறியது; ஆனால் அதன் விளையாட்டுக் கழகம் இன்றும் மேயோவுக்காகவே ஆடுகிறது. நியூரி குடிமைப் பாரிஷ் ஒரு பகுதி ஆர்மா கவுன்டியிலும் மற்றொரு பகுதி டவுன் கவுன்டியிலும் கிடக்கிறது. கில்மோர் என்ற பெயரில் ஆர்மா, கேவன், ராஸ்காமன், வெக்ஸ்ஃபோர்டு என்று பல கவுன்டிகளில் பாரிஷ்கள் இருக்கின்றன. கவுன்டியின் பெயரில்லாமல் கில்மோர் என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை.

வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தில் தேடுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே பெருந்தொகையாக வாழ்ந்த, புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவினரான பிரஸ்பிட்டேரியன் மக்களின் சபைகளுக்கு நில எல்லையே கிடையாது. தாங்கள் விரும்பிய போதகரின் சபைக்கு இரண்டு பாரிஷ்களைத் தாண்டியும் அவர்கள் போனார்கள். எனவே அவர்களுக்குக் குடிமைப் பாரிஷைக் கண்டறிந்த பிறகு, சுற்றிலும் உள்ள எல்லாச் சபைகளையும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கத்தோலிக்கர்களிடையிலும் எல்லை ஓரத்து வீட்டார் பக்கத்துப் பங்கின் சிற்றாலயம் அருகில் இருந்தால் அங்கே போனதுண்டு. திருமணம் பெரும்பாலும் மணப்பெண்ணின் பங்கில் நடந்தது; தலைப்பிள்ளையின் திருமுழுக்கும் சில குடும்பங்களில் தாய்வீட்டுப் பங்கில் நடந்திருக்கும். தந்தையின் பங்கில் மூத்த பிள்ளை மட்டும் காணாமல் போனால், தாயின் பிறந்தகம் எங்கே என்று கேட்க வேண்டும்.

இறப்பில் மட்டும் மக்கள் பழைய எல்லைக்கே திரும்பினார்கள். கத்தோலிக்கப் பங்குகள் அடக்கப் பதிவுகளை அரிதாகவே வைத்திருந்தன. ஏடு இல்லையே என்று அங்கே நின்றுவிட வேண்டியதில்லை. கூரை போன இடைக்கால ஆலயத்தைச் சுற்றியுள்ள மயானத்தில், மதம் பிரிவதற்கு முன் முன்னோர் கிடந்த அதே மண்ணில், கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் இடத்தை விடாமல் வைத்திருந்தார்கள். பாலிஃபெரிட்டர் பங்கில் திருமுழுக்குப் பெற்று அங்கேயே மணமுடித்த ஒருவரின் கல்லறைக் கல், பங்கின் ஆலயத்தருகே இல்லாமல், சில மைல் தள்ளிக் கில்மால்கெடரின் கல் ஆலயத்தின் நிழலில் இருக்கக்கூடும். அந்தக் கல்லின் கடைசி வரியில், பாசி படிந்த எழுத்துகளில், பெரும்பாலும் டவுன்லேண்டின் பெயர் செதுக்கப்பட்டிருக்கும்.